டிராமில் வந்த தைரியம்

அமெரிக்காவின் வயோமிங்கில், ஜாக்சன் ஹோல் பனிச்சறுக்குத் தலத்தின் டிராம் 100 பேரை அள்ளிக்கொண்டு சுமார் 10 நிமிடத்தில் 4,139 அடி ஏறிவிடும். உச்சியில் இறங்கித் தெற்கே பார்த்தால் கோடி சிகரம். பாறைகளுக்கு நடுவே செங்குத்தாக இறங்கும் ஒடுங்கிய வெள்ளைத் தடங்கள். ஒன்றுக்குப் பெயரே ‘ஒன்ஸ் இஸ் இனஃப்’. இன்னொன்று ‘ட்வைஸ் இஸ் நைஸ்’. குசும்புக்காரர்கள்!

அவை தலத்தின் எல்லைக்கு வெளியே இருக்கின்றன. ஒரு காலத்தில் எல்லைக் கயிற்றைத் தாண்டினால் லிஃப்ட் பாஸைப் பிடுங்கிவிடுவார்கள். உலகத் தீவிரச் சறுக்குப் போட்டியில் இருமுறை வென்ற டக் கூம்ப்ஸுக்கே 1997-இல் அதுதான் நடந்தது. 1999-இல் எல்லையில் கேட்களைத் திறந்துவிட்டார்கள். திறந்தது சரிதான் என்பேன். ஆனால் டிராம் செய்யும் ஒரு காரியம் எனக்கு உறுத்துகிறது.

லிஃப்ட் இல்லாத மலையில், எந்தத் தடத்தில் சறுக்கப் போகிறோமோ பெரும்பாலும் அதிலேயே ஏறுகிறோம். ஸ்கீயை முதுகில் கட்டிக்கொண்டு, பூட்ஸ் முனையால் உதைத்து உதைத்துப் படி வெட்ட வேண்டும். ஒவ்வோர் உதையும் ஒரு சேதி. ஓரிடத்தில் மேல்தோல் மொறுமொறுவென உடையும். நாலடி தள்ளி, காற்று கொண்டுவந்து இறுக்கிய பனி பலகைபோல் தாங்கும். அதற்கடியில் பொலபொலவென்று சர்க்கரைப் பனி. அங்கேதான் வயிற்றைக் கலக்கும். அந்தப் பலகை அறுந்தால் பனிச்சரிவு. பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரிச் சாய்வில்தான் புறப்படுகின்றன. இந்தத் தடங்களில் பலவும் அந்தக் கணக்குக்குள்தான் வரும்.

கோடி சிகரத்திலோ டிராமில் வந்து, முகட்டு வழியாக நடந்து ஏறி, தலைமாட்டிலிருந்து நேரே குதிக்கிறோம். ஓரடிகூடக் கால் வைத்துப் பார்க்காத பனி அது. ஆள் மேலே வந்துவிட்டார். மலையைப் பற்றிய தகவல் இன்னும் வந்து சேரவில்லை.

சறுக்குவது அப்புறம்தான். இரண்டு ஸ்கீ நீளம்கூட இல்லாத இடுக்கில், குதித்துக் குதித்துத் திரும்ப வேண்டும். நாம் கலைத்துவிட்ட பொடிப்பனியே பின்னால் ஓடிவந்து காலை வாரும். அதைப் பாறையோரம் ஒதுங்கி முன்னே போகவிடத் தெரிந்தவர்தான் கெட்டிக்காரர். இருக்குமிடம் காட்டும் பீக்கன், மண்வெட்டி, துழாவுகோல் எல்லாம் புதைந்த பிறகு உதவுபவை. அதுவும் கூட வந்தவர் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தால்தான் பிழைக்க நல்ல வாய்ப்பு.

கூம்ப்ஸ் பிரான்ஸின் லா கிராவுக்குப் போய், செங்குத்தான பனியில் சறுக்கக் கற்றுக்கொடுத்தார். 2006-இல் அங்கே இப்படியொரு பாறை இடுக்கில் நண்பர் தவறி விழ, எட்டிப் பார்க்கப் போனவர் தானும் வழுக்கி விழுந்து இறந்தார். அவருக்குத் தெரியாத பனியா?

அதனால்தான், கோடி சிகரத்துக்குப் போகிறேன் என்று யாராவது சொன்னால், எந்தத் தடம் என்று நான் கேட்பதில்லை. நேற்றிரவு காற்று எந்தப் பக்கம் அடித்தது என்றுதான் கேட்கிறேன். பதில் தெரியாதவர்களுக்குத் தலத்தின் எல்லைக்குள்ளேயே கார்பெட்ஸ் கூலுவார் என்ற பாறை இடுக்கு இருக்கிறது. பயம் வேண்டுமென்றால் அங்கேயும் தாராளமாகக் கிடைக்கும்.