எச்சரிக்கை மட்டும் விளம்பரம் ஆகாது

ஒரு விளம்பரம் வெற்றி பெற்றதா இல்லையா என்பதை எதைக் கொண்டு அளப்பது? சோப்பும் பற்பசையும் விற்பவருக்கு இக்கேள்வி கடினமானதல்ல. மாத இறுதியில் விற்பனைக் கணக்கைப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். ஆனால், மக்களின் நன்மைக்காக அரசு வெளியிடும் விளம்பரத்துக்கு விற்பனைக் கணக்கு இல்லை. சில நேரங்களில் அதன் வெற்றி தோல்வியை மனித உயிர்களைக் கொண்டே எண்ண வேண்டியிருக்கிறது. திருப்பதியை ஒட்டிய சேஷாசல வனப்பகுதி இந்த உண்மையைத் தமிழர்களுக்கு மிகக் கொடூரமான முறையில் உணர்த்தியது.

2015 ஏப்ரல் 7-ம் தேதி அதிகாலை. அன்றைய சித்தூர் மாவட்டத்தின் சந்திரகிரி வட்டாரத்தில், வனத்துக்குள் இரண்டு இடங்களில், ஆந்திர மாநிலச் செம்மரக் கடத்தல் தடுப்பு அதிரடிப்படையினர் நடத்திய துப்பாக்கிச்சூட்டில் 20 தமிழர்கள் உயிரிழந்தனர். அனைவரும் திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களைச் சேர்ந்த ஏழைக் கூலித் தொழிலாளர்கள். மரம் வெட்ட வந்தவர்கள் தாக்கியதால் தற்காப்புக்காகச் சுட நேர்ந்தது என்றது ஆந்திரக் காவல் துறை. வழியில் பேருந்துகளில் பிடித்துச் செல்லப்பட்டவர்களும் இறந்தவர்களில் இருந்தனர் என்று மனித உரிமை அமைப்புகள் குற்றம்சாட்டின. தேசிய மனித உரிமை ஆணையம் தானாக முன்வந்து இதை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

செம்மரம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், குறிப்பாக கடப்பா, திருப்பதி, சித்தூர், நெல்லூர் வட்டாரங்களில் மட்டுமே இயற்கையாக வளரும் அரிய மரம். அழியும் அபாயத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் 1995-லேயே அது சேர்க்கப்பட்டுவிட்டது. அதைக் காக்க வேண்டியது அரசின் கடமை என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. 2013 டிசம்பரில் இதே சேஷாசல வனத்தில் கடத்தல் கும்பலால் இரண்டு வன அலுவலர்கள் கொல்லப்பட்டதையும் மறந்துவிடக் கூடாது. வனத்தில் சிந்தப்படும் ரத்தம் எந்தத் தரப்பினுடையதாக இருந்தாலும் ரத்தமே.

துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு இரு மாநில நிர்வாகங்களும் விழிப்புணர்வுப் பிரசாரத்தில் இறங்கின. ஜவ்வாது மலை உள்ளிட்ட பகுதிகளில் துண்டறிக்கைகள் வழங்கப்பட்டன, கூட்டங்கள் நடத்தப்பட்டன. செம்மரம் வெட்டச் செல்லாதீர்கள், சென்றால் சிறை அல்லது சாவு என்பதே அவற்றின் சாரம். எனினும் பயணம் நிற்கவில்லை, கைதுகளும் நிற்கவில்லை. 2018 பிப்ரவரியில் கடப்பா மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து தமிழர்களின் உடல்கள் மிதந்தன. அவர்கள் சேலம் மாவட்டத்தின் கல்வராயன் மலைப் பகுதியினர். இருபது பிணங்களைப் பார்த்த பின்னரும் மலைவாசிகள் அதே காட்டுக்குச் சென்றார்கள் என்றால், அந்த எச்சரிக்கை அவர்களைச் சென்றடையவில்லை, அல்லது சென்றடைந்தும் பயன்படவில்லை என்றே பொருள்.

ஏன் பயன்படவில்லை? விடையைத் தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. திருப்பதியை அடுத்த கரகம்பாடியில் அமர ராஜா நிறுவனம் தயாரிக்கும் அமரான் என்ற வாகன மின்கலம் 2000-ம் ஆண்டில் சந்தைக்கு வந்தது. களிமண் பொம்மைகளை அசையவிட்டு எடுக்கப்பட்ட அதன் தொலைக்காட்சி விளம்பரங்கள் நாடெங்கும் நினைவில் நின்றன. அவை சொன்னது ஒரே ஒரு செய்திதான்: இது நீண்ட நாள் உழைக்கும். குழந்தையும் சிரித்துப் பார்க்கும் வடிவில் அது சொல்லப்பட்டது. பார்த்தவர் கடைக்குச் சென்றால் அங்கே பொருள் இருந்தது. ஒரே செய்தி, நினைவில் நிற்கும் வடிவம், கைக்கெட்டும் பொருள் - விளம்பரத் தொழிலின் இலக்கணம் பெரும்பாலும் இந்த மூன்றில் அடங்கிவிடும்.

அரசு விளம்பரங்களுக்கும் இதே இலக்கணம் பொருந்தும் என்பதற்கு போலியோ ஒழிப்பு இயக்கமே சான்று. 1995-ல் தொடங்கிய அந்த இயக்கம் நோயைக் காட்டி அச்சுறுத்துவதோடு நின்றுவிடவில்லை. குழந்தைக்கு இரண்டு சொட்டு மருந்து கொடுங்கள் என்று செய்ய வேண்டியதைச் சொன்னது. எந்த ஞாயிற்றுக்கிழமை, எங்கே என்றும் சொன்னது. சொன்ன நாளில் பேருந்து நிலையத்திலும் சத்துணவுக் கூடத்திலும் மருந்துடன் ஊழியர்கள் காத்திருந்தார்கள். தவறவிட்டவர்களின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். 2014 மார்ச் 27-ல் உலக சுகாதார நிறுவனம் இந்தியா அடங்கிய தென்கிழக்கு ஆசிய மண்டலத்தைப் போலியோ அற்றதாக அறிவித்தது. சுவரொட்டி மட்டும் இதைச் சாதித்திருக்க முடியாது. சுவரொட்டிக்குப் பின்னால் சொட்டு மருந்தும் இருந்தது.

மற்றோர் எடுத்துக்காட்டு அன்று சித்தூருக்கு அண்டை மாவட்டமாக இருந்த நெல்லூரில் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் அங்கு நடைபெற்ற அறிவொளி இயக்கத்தின் பாடநூலில், குடியால் சீரழியும் குடும்பத்தைப் பற்றிய ஒரு கதை இடம்பெற்றது. அதைப் படித்த தூபகுண்டா கிராமத்துப் பெண்கள் அதில் தங்கள் வாழ்க்கையையே கண்டார்கள். 1992-ல் சாராயக் கடையை மூடவைத்தார்கள். அந்தத் தீ சித்தூர் உள்ளிட்ட மாவட்டங்களுக்கும் பரவி, 1993 அக்டோபரில் ஆந்திரம் முழுவதும் சாராயம் தடை செய்யப்பட்டது. விளம்பர நிறுவனமோ நடிகரோ வண்ணப் பதாகையோ அந்தப் பெண்களுக்குத் தேவைப்படவில்லை. அவர்கள் மொழியில், அவர்கள் கதையை, அவர்களை மதித்துச் சொன்ன ஒரு பாடம் போதுமானதாக இருந்தது.

இவற்றோடு செம்மர எச்சரிக்கையை ஒப்பிட்டுப் பாருங்கள். போகாதே என்றது, போகாமல் என்ன செய்வது என்று சொல்லவில்லை. படிப்பறிவு குறைந்த மலைவாழ் மக்களிடம் அச்சிட்ட தாளை நீட்டியது. சட்டம் என்ன சொல்கிறது, கைதானால் யாரிடம் சட்ட உதவி கேட்பது, மொழி தெரியாத நீதிமன்றத்தில் யார் துணை நிற்பார் என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு மாறாக, கேட்பவனைக் கடத்தல்காரனாகவே கருதிப் பேசியது. தன்னை இழிவாகப் பார்க்கும் குரலுக்கு யார் செவிசாய்ப்பார்?

மறுபுறம், அந்த மலைக்கு வேறொரு விளம்பரதாரரும் வருகிறார். அவர்தான் இடைத்தரகர். அவரிடம் துண்டறிக்கை இல்லை. தெரிந்த முகம், தெரிந்த பேச்சு, கையில் முன்பணம், வாசலில் வண்டி. கட்டட வேலை என்றும் தோட்ட வேலை என்றும் சொல்லிப் பலரை அழைத்துச் சென்றதாக அப்போதே செய்திகள் வெளியாயின. ஒரே செய்தி, நினைவில் நிற்கும் வடிவம், கைக்கெட்டும் பொருள் என்ற இலக்கணம் அவருடைய கிசுகிசுப்பில் முழுமையாக இருக்கிறது. அதில் இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: உண்மை. திறமையும் நினைவாற்றலைக் கவரும் தன்மையும் மட்டும் ஒரு விளம்பரத்தை நல்ல விளம்பரமாக்கிவிடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

பொய் விளம்பரங்களைத் தடுக்க நம்மிடம் சட்டங்கள் இல்லாமல் இல்லை. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2020-ல் அமைக்கப்பட்ட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு ரூ.10 லட்சம் வரையிலும், மீண்டும் தவறிழைத்தால் ரூ.50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்கலாம். அத்தகைய விளம்பரங்களில் தோன்றும் பிரபலங்களும் சம அளவில் பொறுப்பாளிகள் என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. வரவேற்க வேண்டிய முன்னேற்றங்கள் இவை. ஆனால் பணம் கொடுத்துப் பொருள் வாங்குபவனுக்குக் கிடைக்கும் இந்தப் பாதுகாப்பு, பணத்துக்காகத் தன் உடலுழைப்பை விற்பவனுக்குக் கிடைப்பதில்லை. தரகரின் பொய்யான வேலைவாய்ப்பு உறுதிமொழியை விளம்பரம் என்று எந்த ஆணையமும் கருதுவதில்லை. வெட்டியவன் சிறையிலோ சுடுகாட்டிலோ இருக்கிறான். அழைத்துச் சென்றவனும் அனுப்பிவைத்தவனும் பெரும்பாலும் வெளியே இருக்கிறார்கள்.

அரசு விளம்பரம் எதற்காக என்ற கேள்வியும் அதே 2015-ல்தான் எழுந்தது. சேஷாசலத் துப்பாக்கிச்சூடு நடந்து ஐந்து வாரங்களில், மே 13-ம் தேதி, அரசு விளம்பரங்களில் குடியரசுத் தலைவர், பிரதமர், உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி தவிர மற்றவர்களின் படங்கள் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மக்கள் பணம் தனிநபர் புகழுக்குச் செலவாகக் கூடாது என்பதே அதன் நோக்கம். மத்திய அரசும் பல மாநில அரசுகளும் முறையிட்டதன் பேரில், 2016 மார்ச்சில் ஆளுநர்கள், முதல்வர்கள், அமைச்சர்களின் படங்களுக்கும் அனுமதி கிடைத்தது. தலைவர்களின் படத்துக்காக உச்ச நீதிமன்றம் வரை சென்று வாதாடிய அரசுகள், ஒரு மலைக் கிராமத்துக்கு உயிர்காக்கும் செய்தியைச் சேர்ப்பதில் அதே முனைப்பைக் காட்டினவா? கட்சி வேறுபாடின்றி எல்லா அரசுகளும் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

இன்னொரு தவறும் உண்டு. எச்சரிக்கை முழுவதும் வெட்டுபவனை நோக்கியே பேசுகிறது, வாங்குபவனிடம் பேசுவதில்லை. செம்மரத்துக்கு விலை ஜவ்வாது மலையில் நிர்ணயிக்கப்படுவதில்லை. அது சீனாவின் ஆடம்பர மரச்சாமான் சந்தையில் நிர்ணயிக்கப்படுகிறது. சுறாத் துடுப்பு சூப்புக்கு எதிராகச் சீனக் கூடைப்பந்து வீரர் யாவோ மிங் 2006 முதல் விளம்பரங்களில் தோன்றிப் பேசினார். தன் நாட்டு மக்களின் உணவு மேசையில் வைத்தே கேள்வி எழுப்பினார். 2013-ல் சீன அரசு தன் அதிகாரபூர்வ விருந்துகளில் அந்த சூப்பைத் தடை செய்தது. செம்மர மேசையின் விலையில் தமிழ்க் கூலியின் உயிரும் அடங்கியிருக்கிறது என்பதை அதை வாங்குபவருக்குச் சொல்லும் விளம்பரம் ஏன் இதுவரை இல்லை? இதை மாநில அரசுகளால் மட்டும் செய்ய முடியாது. வெளியுறவு, சுற்றுச்சூழல் அமைச்சகங்கள் முன்னின்று செய்ய வேண்டிய பணி இது.

செய்ய வேண்டியவை தெளிவாகவே உள்ளன. முதலாவதாக, விழிப்புணர்வுப் பிரசாரத்தைக் காவல் துறையின் கையிலிருந்து எடுத்து, மலைக் கிராமங்களின் பெண்கள் சுய உதவிக் குழுக்களிடமும், கணவரையும் மகனையும் இழந்த குடும்பங்களிடமும், சிறை சென்று மீண்டவர்களிடமும் ஒப்படைக்க வேண்டும். தெருக்கூத்தை உயிரோடு வைத்திருக்கும் மண் அது. அச்சுத் தாள் சொல்லாததைக் கூத்து சொல்லும். இரண்டாவதாக, ஒவ்வோர் எச்சரிக்கையுடனும் ஒரு மாற்று வழி இணைந்திருக்க வேண்டும். வேலையில்லாத மாதங்களில் ஊதியம் தாமதமின்றிக் கிடைக்கும் ஊரக வேலை, 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி நிலப் பட்டா, சாமைக்கும் தேனுக்கும் புளிக்கும் நியாய விலை ஆகியவை உறுதி செய்யப்பட வேண்டும். மூன்றாவதாக, பறிமுதல் செய்த செம்மரங்களை ஏலம் விட்டு ஆந்திர அரசு ஈட்டும் வருவாயில் ஒரு பங்கு, இரு மாநிலங்களும் சேர்ந்து நடத்தும் மறுவாழ்வுத் திட்டத்துக்கு ஒதுக்கப்பட வேண்டும். மரத்தின் விலையில் மனிதருக்கும் ஒரு பங்கு இருப்பது நியாயமே.

சேஷாசலத்தின் அடிவாரத்தில் திருப்பதி நகரம் இருக்கிறது. நாள்தோறும் பல்லாயிரம் தமிழர்கள் அங்கே சென்று திரும்புகிறார்கள். ஏழுமலையானின் பெயரை அவர்களுக்கு யாரும் விளம்பரம் செய்ய வேண்டியதில்லை. நம்பிக்கையே அவர்களை அழைத்துச் செல்கிறது. அதே மலையின் மறுபக்கத்துக்குக் கோடரியுடன் செல்பவனை அழைத்துச் செல்வதும் ஒரு நம்பிக்கைதான்: திரும்பி வந்தால் கடன் தீரும் என்ற நம்பிக்கை. அந்தக் கடனைத் தீர்க்க நேர்மையான வழியைக் காட்டாமல், சாவைக் காட்டி மட்டும் அவனைத் தடுத்துவிட முடியாது. எச்சரிக்கைப் பலகை நடுவதோடு தன் கடமை முடிந்துவிட்டதாக அரசு கருதுமானால், அது தன் மனச்சாட்சிக்குச் செய்துகொள்ளும் விளம்பரமாகவே இருக்கும்.