பத்து இழுப்புக்கு ஒரு கல்

சவரக் கத்தி பிரியர்கள் கூடினால் கத்தியைப் பற்றித்தான் பேச்சு. ஜெர்மனியின் ஸோலிங்கன் கத்தி உசத்தியா, இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் கத்தி உசத்தியா என்று மணிக்கணக்கில் வாதம் நடக்கும். அந்தக் கத்தியை நாள்தோறும் வேலை செய்ய வைத்த சின்னக் கல்லைப் பற்றிப் பேச்சே வராது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் முடிதிருத்தும் கடைகளில் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்த கல் அது. பெயர் 'பார்பர் ஹோன்'.

இன்று அந்தப் பழைய கற்கள் இணைய ஏலங்களிலும் பழம்பொருள் கடைகளிலும் கிடைக்கின்றன. வாங்குபவர்களில் இரண்டு வகை. ஒரு வகையினர் அட்டைப்பெட்டியோடு கண்ணாடி அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறார்கள். இன்னொரு வகையினர் துருப்பிடித்த தாத்தா காலத்துக் கத்தியை அதில் போட்டு நூறு தடவை தேய்த்துவிட்டு, "இந்தக் கல் உதவாது" என்று தூக்கிப் போடுகிறார்கள். இரண்டுமே அந்தக் கல்லுக்குச் செய்யும் அநியாயம்! அது எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த ஒரு வேலைக்கு மட்டும் பயன்படுத்தினால், இன்றும் அதற்கு இணையான எளிய சாதனம் இல்லை.

எப்படி வந்தது இந்தக் கல்?

அதற்கு முன்பு இருந்தவை இயற்கைக் கற்கள். பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் வெட்டி எடுக்கும் மஞ்சள் நிற 'கோட்டிகூல்' கல் புகழ்பெற்றது. அதற்குள் இருக்கும் நுண்ணிய கார்னெட் மணிகள்தான் எஃகை அறுக்கின்றன. அமெரிக்காவின் ஆர்கன்ஸாஸ் கல்லுக்குப் புவியியலில் 'நோவாகுலைட்' என்று பெயர். லத்தீன் மொழியில் 'நோவாகுலா' என்றால் சவரக் கத்தி! ஆனால் இயற்கைக் கல்லில் ஒரு சிக்கல். ஒரு கல் போல இன்னொன்று இருக்காது. நல்ல கல் அமைவது அதிர்ஷ்டம்.

1891ல் எட்வர்ட் ஆச்சிசன் என்ற அமெரிக்கர் மின் உலையில் சிலிக்கன் கார்பைடு தயாரித்தார். அதற்குக் 'கார்போரண்டம்' என்று பெயர் வைத்தார். கடினத்தில் வைரத்தை நெருங்கும் பொருள் அது. இப்படிப்பட்ட தேய்ப்புப் பொருளைப் பொடியாக்கி, சலித்து ஒரே அளவுத் துகளாகப் பிரித்து, களிமண் போன்ற பிணைப்போடு சேர்த்துப் பானை சுடுவது போலச் சூளையில் சுட்டால் கல் தயார். ஒரே மாதிரி ஆயிரக்கணக்கில் செய்யலாம். கார்போரண்டம் நிறுவனமே பார்பர் ஹோன்களை விற்றது. ஐரோப்பாவில் மாரிபோர் நகரத்து (இன்றைய ஸ்லோவீனியா) 'ஸ்வாட்டி' கற்கள் பெயர் பெற்றன. பெரும்பாலும் உள்ளங்கையில் அடங்கும் அளவுதான். சிலவற்றில் ஒரு பக்கம் கொஞ்சம் சொரசொரப்பு, மறுபக்கம் வழவழப்பு.

ஏன் இவ்வளவு சின்னதாகச் செய்தார்கள்? ஒரு நாளைக்குப் பலருக்குச் சவரம் செய்யும் தொழிலாளியின் நிலையை யோசித்துப் பாருங்கள். அடுத்தவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கத்தி லேசாக இழுக்கிறது. பெரிய கல்லை ஊற வைத்து அரைமணி நேரம் தீட்ட முடியுமா? கையில் எடு, ஐந்தாறு இழுப்பு இழு, தோல் வாரில் தடவு, வேலையைப் பார். அந்த அவசரத்துக்குப் பிறந்த கல் இது.

கூர் எங்கே போகிறது?

மயிரோ மெத்தென்றிருப்பது. எஃகோ அதைவிட ஏறத்தாழ 50 மடங்கு கடினமானது. பிறகு கத்தி ஏன் மழுங்குகிறது? 2020ல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் மின்னணு நுண்ணோக்கி வைத்து சவர பிளேடை ஆராய்ந்து, 'சயின்ஸ்' இதழில் விடை சொன்னார்கள். வாய் சீராகத் தேய்வதை விட, நுண்ணிய சில்லுகளாக உடைவதுதான் முக்கியக் காரணம். மயிர் வளைந்து சாய்ந்து நிற்கும் கோணமும், எஃகின் உள்ளமைப்பில் இடத்துக்கு இடம் உள்ள வித்தியாசமும் சேரும்போது அந்த இடம் உடைகிறது.

அவர்கள் ஆராய்ந்தது தூக்கி எறியும் பிளேடை. ஆனால் சவரக் கத்தியின் வாயும் மெல்லிய எஃகுதான். அது அறுப்பதும் அதே மயிரைத்தான். தினமும் தோல் வாரில் தடவினால் வாய் நேராகும், மெருகேறும். உடைந்த சில்லுக்கு வார் போதாது. கொஞ்சம் எஃகை அறுத்தே ஆகவேண்டும். அந்தக் 'கொஞ்சம்' என்பதுதான் பார்பர் ஹோனின் வேலை.

செய்முறை

கத்தியைக் கல்லில் படுக்க வைக்க வேண்டும். முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லைத் தொட வேண்டும். கோணத்தைக் கை தீர்மானிக்க வேண்டியதில்லை. கத்தியின் முதுகே தீர்மானித்துவிடும். அகலம் 22 மில்லிமீட்டர், முதுகின் தடிமன் 6 மில்லிமீட்டர் என்றால் வாயின் கோணம் சுமார் 16 டிகிரி. சவரக் கத்தியைச் செய்தவரின் புத்திசாலித்தனம் இது!

கல்லில் வாய் முன்னால் போகவேண்டும், ஒரு மெல்லிய சீவலைச் சீவி எடுப்பது போல. தோல் வாரில் இதற்கு நேர் எதிர்: முதுகு முன்னால், வாய் பின்னால். மாற்றிச் செய்தால் வாரும் போச்சு, கூரும் போச்சு. திருப்பும்போது முதுகின் மீது புரட்ட வேண்டும். கல் குறுகலாக இருப்பதால் அடியிலிருந்து நுனி வரை படும்படி கொஞ்சம் சாய்வாக இழுக்க வேண்டும். கல்லுக்கு ஏற்றபடி தண்ணீர், சவர நுரை, அல்லது ஒன்றும் இல்லாமல். அழுத்தம் கூடவே கூடாது. கத்தியின் எடையே போதும். இப்படி ஐந்திலிருந்து பத்து இழுப்பு. பிறகு வார். முடிந்தது.

எங்கே தவறுகிறார்கள்?

"பத்து நல்லது என்றால் ஐம்பது இன்னும் நல்லதுதானே?" என்று தோன்றும். இல்லை. கல்லில் போகும் ஒவ்வொரு இழுப்பும் எஃகைத் தின்கிறது. வாயை மட்டுமல்ல, முதுகையும் தின்கிறது. போன எஃகு திரும்பி வராது. ஏலங்களில் வரும் பழைய கத்திகள் சிலவற்றைப் பாருங்கள்: முதுகு பட்டையாகத் தேய்ந்து, வாய் உள்வாங்கி வளைந்து கிடக்கும். யாரோ முரட்டுத்தனமாகத் தீட்டிய கத்திகள் அவை. நூறு ஆண்டு தாங்கிய பொருளை ஒரு மாலைப்பொழுதில் பாழாக்கிவிட முடியும்.

முற்றிலும் மழுங்கிய கத்திக்குப் பெரிய கற்கள் வேண்டும், படிப்படியாக. அங்கே பார்பர் ஹோனுக்கு வேலையில்லை. இன்றைய நுண்ணிய ஜப்பானிய நீர்க்கற்கள் இதைவிட வழவழப்பான கூர் தரும் என்பதும் உண்மைதான். ஆனால் அந்தக் கூரை மாதக்கணக்கில் காப்பாற்ற, முழு வரிசைக் கற்களையும் ஒவ்வொரு முறையும் எடுக்க வேண்டுமா?

இன்னொரு தவறு, வாங்கிய உடனே கல்லின் மேற்பரப்பைத் தேய்த்துப் 'புதுசாக்குவது'. பல்லாண்டு உபயோகத்தில் படிந்த அந்த வழவழப்புதான் கல்லின் பலம். சொரசொரப்பாகத் தேய்த்துவிட்டால் அது கடுமையாக அறுக்கும். கல் சமமாக இருந்தால் கழுவினால் போதும். ஓரத்தில் சில்லு இருந்தால் மட்டும் அந்த ஓரத்தை மழுக்க வேண்டும். இல்லாவிட்டால் கத்தியின் வாயைக் கடித்துவிடும்.

தீட்டும் வேலை யாருடையது?

கிங் ஜில்லெட் 1903ல் தூக்கி எறியும் பிளேடை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, முதல் ஆண்டில் விற்றது 51 ரேஸர்தான். முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் வாங்கியதோ சுமார் 35 லட்சம்! தீட்டும் வேலை வீட்டிலிருந்து தொழிற்சாலைக்குப் போனது. கூர் என்பது காப்பாற்றும் பொருளாக இருந்தது போய், மாதாமாதம் வாங்கும் பொருளாகிவிட்டது.

இதில் நன்மையும் உண்டு, மறைக்கக் கூடாது. ஒரே கத்தியைப் பலருக்குப் பயன்படுத்தினால் ஹெபடைடிஸ் பி போன்ற ரத்த வழித் தொற்றுகள் பரவலாம். தோல் வாரைக் கொதிக்க வைக்க முடியாது. தமிழ்நாட்டு சலூன்களில் பிளேடைப் பாதியாக உடைத்துச் செருகும் கத்தி வந்தது நல்லதே. அங்கே பழைய கத்தி திரும்ப வரவேண்டாம்.

ஆனால் வீட்டில், ஒருவர் தன் முகத்துக்கு மட்டும் வைத்திருக்கும் கத்திக்கு அந்த வாதம் பொருந்தாது. அங்கே பிளாஸ்டிக்கும் எஃகும் ஒட்டிய கார்ட்ரிட்ஜைக் குப்பையில் போடுவதா, ஒரு கத்தியை ஆயுளுக்கும் காப்பாற்றுவதா என்பதே கேள்வி. காப்பாற்றுவது என்று முடிவு செய்தவர்கள் பார்பர் ஹோனை அலமாரியிலிருந்து எடுக்கட்டும். கத்தி மழுங்கிய பிறகு அல்ல, லேசாக இழுக்கத் தொடங்கிய அன்றே. பத்து இழுப்பு. அதற்கு மேல் வேண்டாம்.