ஆட்கள் தேவை

திருப்பூரில் எந்த வீதிக்குள் நுழைந்தாலும் ஒரு பலகை கண்ணில் படும்: ‘ஓவர்லாக், பேட்லாக் டைலர்கள், செக்கிங், அயர்னிங், கைமடி ஆட்கள் தேவை.’ ஊரே ஆளைக் கூவி அழைக்கிறது. ஆனால் அதே வீதி வழியாகச் சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரிக்கும், எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கல்லூரிக்கும் போகிற பிள்ளைகளுக்கு எந்தப் பலகையும் இல்லை. கணக்குப் பிரிவிலோ, சாம்பிள் பிரிவிலோ, வெளிநாட்டு வியாபாரிக்குக் கடிதம் எழுதும் மேஜையிலோ சில மாதம் பழக வேண்டுமானால், மாமாவோ சித்தப்பாவோ சிபாரிசு செய்ய வேண்டும். அப்படி ஒரு மாமா இல்லாத பிள்ளை எங்கே போகும்?

முதலாளியைக் கேட்டால், “நாங்க எல்லாம் கைமடிச்சுத்தான் மேல வந்தோமுங்க” என்கிறார். வாஸ்தவம். கூலிக்கு வந்து கம்பெனி வைத்தவர்கள் இந்த ஊரில் ஏராளம். அன்று மிஷின் ஓரத்தில் நின்று பழக யாரோ ஒருவர் அவர்களுக்கு இடம் கொடுத்தாரே! அந்த இடத்தைத்தான் இந்தப் பிள்ளையும் கேட்கிறது. படித்து முடித்து வந்தவனிடம், “அனுபவம் உண்டா?” என்று கேட்பவர்கள், அனுபவம் எந்தக் கடையில் கிடைக்கும் என்றும் சொல்ல வேண்டாமா?

இதில் தயவுக்கு வேலையே இல்லை. 1961-லேயே தொழிற்பழகுநர் சட்டம் வந்துவிட்டது. 2014-ல் செய்த திருத்தம் பி.ஏ., பி.காம். பட்டதாரிகளுக்கும் அந்தக் கதவைத் திறந்தது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 100-க்கு இரண்டரை முதல் 15 வரை பழகுநர்களை, உதவித்தொகை கொடுத்து, சேர்க்க வேண்டும் என்று 2019-ல் திருத்திய விதி சொல்கிறது. 2022-ல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் கல்லூரிக்குள்ளேயே பயிற்சி தருகிறது. பயிற்சி பெற்றவன் நுழைய வாசல் வேண்டாமா?

மாணவர்களையும் சும்மா விடுவதற்கில்லை. பழகாமலே சர்டிபிகேட் வாங்கி, அட்டை போட்டுக் கல்லூரியில் நீட்டுகிறவர்கள் யாரை ஏமாற்றுகிறார்கள்? நண்பனின் விண்ணப்பத்தில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிவிட்டுப் பதில் இல்லையே என்று அழுவதில் என்ன நியாயம்? தம்பி, தங்கச்சி! எந்தப் பிரிவில், எத்தனை மாதம் பழக விரும்புகிறீர்கள், என்ன தெரியும் என்று உங்கள் சொந்த வார்த்தையில் ஒரே பக்கம் எழுதுங்கள். கடைசிப் பரீட்சை வரை காத்திராமல் பத்து வாசலுக்கு எடுத்துப் போங்கள்.

இடமில்லை என்றால் கோபிக்க வேண்டாம். “உங்கள் கம்பெனியில் இப்போது பழகுநர்கள் எத்தனை பேருங்க?” என்று பணிவோடு கேளுங்கள். பலர் கேட்டால், பலகையில் ஒரு வரி கூடத்தான் செய்யும்.