தெளிந்த ஜலமெல்லாம் நல்ல ஜலமாகாது

கிணற்று ஜலம் சுருங்கிவரும் கிராமங்களில், சிறு தொட்டி கட்டி, ஒரே ஜலத்தை வடிகட்டித் திரும்பத் திரும்ப உபயோகித்து மீன் வளர்ப்பதில் குடியானவர் பலருக்கு ஊக்கம் பிறந்திருக்கிறது. 2020-ம் வருஷத்தில் மத்திய சர்க்கார் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், இம்முறைக்கு மதிப்பிட்ட செலவில் பொதுப் பிரிவினருக்கு நூற்றுக்கு 40-ம், ஆதிதிராவிடர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு நூற்றுக்கு 60-ம் மானியமாக வகுக்கப்பட்டதும் அதற்கு ஒரு காரணமாகும். ஆனால் தொட்டியின்பாலும் குஞ்சின்பாலும் செலுத்தும் கவனத்தை வடிகட்டியின்பால் செலுத்தாதிருப்பது முதலுக்கே மோசம் விளைவிக்கும்.

மணலும் ஜல்லியும் நிரப்பிய பீப்பாயின் வழியே ஜலத்தைச் செலுத்தினால், எச்சமும் மீந்த தீனியும் தங்கி, ஜலம் பளிங்குபோல் தெளியும். எனினும் மீனின் செவுள் வழியாக வெளிப்படும் அம்மோனியா கண்ணுக்குப் புலப்படாமல் அதிலேயே கரைந்து நிற்கும். நூற்றுக்கு 30 பங்கு புரதமுள்ள தீனி 1 கிலோ இட்டால், ஏறக்குறைய 28 கிராம் அம்மோனியா நைட்ரஜன் உண்டாகும். ஜலத்தில் காரத்தன்மையும் வெப்பமும் ஏற ஏற அதன் விஷமும் ஏறும்.

இவ்விஷத்தை முறிப்பவை நுண்ணுயிர்களே. ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. கூழாங்கல், செங்கல் துண்டு, பிளாஸ்டிக் வளையம் முதலியவற்றின்மேல் படிந்து வாழும் இவை பெருகி நிலைபெற 4 முதல் 6 வாரங்கள் செல்லும். ஆகையால், வடிகட்டி அமைத்த மறுநாளே தொட்டி நிறையக் குஞ்சு விடுவது, நாற்று வேர் பிடிக்குமுன் கதிரை எதிர்பார்ப்பதற்கு ஒப்பாகும். குளோரின் கலந்த குழாய் ஜலத்தால் கழுவினால் இந்நுண்ணுயிர்கள் மடியும். தொட்டி ஜலத்தாலேயே இலேசாக அலசுதல் வேண்டும்.

மீனுக்கும் நுண்ணுயிருக்கும் பிராணவாயு இடையறாது வேண்டும். மின்சாரம் தடைப்பட்டால், நெருக்கமாக விடப்பட்ட மீன் யாவும் ஒரே இரவில் மடியக்கூடும். மாற்று வசதி இல்லாதவர் குஞ்சுகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்வதே விவேகம்.

நைட்ரேட் மிகாதிருக்கும்பொருட்டு ஜலத்தில் ஒரு பகுதியை அவ்வப்போது நீக்கிப் புதுஜலம் விடுதல் அவசியம். நீக்கிய ஜலமும் வீணன்று. வாழைக்கும் தென்னைக்கும் அது தழைச்சத்தாகும்.

இத்தொழிலில் முதற்பயிர் நுண்ணுயிர். மீன் இரண்டாம் பயிரே. மானியம் எவ்வளவு என்று விசாரித்து வருவோரிடம், வடிகட்டி பக்குவப்பட எத்தனை வாரம் காத்திருப்பார், மின்தடைக்கு என்ன வழி வைத்திருக்கிறார் என்ற இரண்டு கேள்விகளையும் கிராம அதிகாரிகள் முதலில் கேட்பாராயின், பல குடும்பங்களின் கைப்பொருள் காக்கப்படும்.