வயித்து முடியை எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி (நீண்ட இழை)

1/
வயித்துல இருக்கிற முடி. பெண்கள் டாக்டர்கிட்ட கூட வெளிப்படையா சொல்லக் கூச்சப்படுற விஷயம். ஆனா என் இன்பாக்ஸ்ல அடிக்கடி வர்ற கேள்வி இதுதான். "சார், தொப்புளுக்குக் கீழ முடி இருக்கு, எப்படி எடுக்கிறது?" எப்படின்னு சொல்றேன். அதுக்கு முன்னாடி நான் செஞ்ச ஒரு தப்பைச் சொல்லணும். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/
எம்பிபிஎஸ் முடிச்சு அரசுப் பணிக்கு வந்த புதுசு. மதுரைக்கு வெளியே ஒரு ஆரம்ப சுகாதார நிலையம். காலையிலேயே நூறு பேருக்கு மேல வரிசையில நிக்கிறாங்க. இருபது வயசு மதிக்கத்தக்க ஒரு பொண்ணு அம்மாவோட வந்துச்சு. அடிவயித்துல, பாவாடை நாடா கட்டுற இடத்துல, சின்னச் சின்னச் சீழ்க்கொப்புளம். சிஸ்டரைப் பக்கத்துல வச்சுக்கிட்டுப் பார்த்தேன். பிளேடு போட்ட கீறல் தெளிவா தெரிஞ்சுச்சு.

3/
"எதுக்கும்மா இப்படி வழிச்ச?"ன்னு கேட்டேன். பொண்ணு தலையைக் குனிஞ்சுக்கிச்சு. அம்மாதான் பேசுனாங்க. "பொண்ணு பார்க்க வாராக தம்பி. கல்யாணத்துக்குள்ள அந்த முடி போயிரணும்ல."
அஞ்சு நாளைக்கு ஆன்டிபயாட்டிக், ஒரு களிம்பு, "இனிமே பிளேடு போடாத"ன்னு ஒரு அறிவுரை. ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சது. அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

4/
ரெண்டு வருஷம் கழிச்சு அதே ஓபி, அதே பொண்ணு. கல்யாணம் ஆகியிருந்துச்சு. குழந்தை நிக்கலைன்னு மாமியாரோட வந்திருந்துச்சு. விசாரிச்சா, வயசுக்கு வந்ததுல இருந்தே மாதவிடாய் ஒழுங்கில்ல. மூணு மாசம், நாலு மாசத்துக்கு ஒருக்கா. பின்கழுத்துல கருப்பு. அம்மா அதை அழுக்குன்னு நினைச்சு நார் போட்டுத் தேய்ச்சுக்கிட்டே இருந்திருக்காங்க. ரத்தச் சர்க்கரை பார்த்தோம், அதிகம். பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பி முழுசா பார்த்ததுல பிசிஓஎஸ்னு உறுதியாச்சு.

5/
முதல் தடவை வந்தப்பவே "மாதவிடாய் மாசாமாசம் வருதாம்மா?"ன்னு ஒரு கேள்வி கேட்டிருந்தா ரெண்டு வருஷம் மிச்சமாகியிருக்கும். நான் கேக்கல. முடின்னா அழகு சமாச்சாரம், நமக்கு சீழ் ஆறுனாப் போதும்னு இருந்துட்டேன். அந்த ரெண்டு வருஷமும் "இன்னும் விசேஷம் இல்லையா"ங்கிற பேச்சை வாங்குனது அந்தப் பொண்ணுதான்.

6/
அதனால என் கருத்தை நேரடியா சொல்லிடுறேன். வயித்து முடியை எடுக்கிறதும் உங்க விருப்பம், விடுறதும் உங்க விருப்பம். ஆனா ஒரு பெண்ணுக்குக் கெட்டியா, கருப்பா, பரவலா முடி வருதுன்னா, எடுக்கிறதுக்கு முன்னாடி அது ஏன் வருதுன்னு ஒருதடவை பார்த்துரணும். அதைக் கேக்குறது டாக்டரோட கடமை. பார்லர் அக்காகிட்ட அதை எதிர்பார்க்க முடியாது.

7/
முதல்ல எது சாதாரணம்னு பார்ப்போம். நம்ம எல்லார் உடம்புலயும் பூனை முடி உண்டு. மெல்லிசா, நிறம் குறைவா இருக்கும். பருவ வயசுல ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் சில இடத்துப் பூனை முடியைக் கெட்டி முடியா மாத்தும். பெண் உடம்புலயும் இந்த ஹார்மோன்கள் கொஞ்சம் சுரக்கும். அதனால தொப்புளுக்குக் கீழ கோடு மாதிரி சில கருப்பு முடி இருக்கிறது சகஜம். அது நோய் இல்ல.

8/
கர்ப்பத்துல வயித்துல கருப்புக் கோடு விழும், கூடவே முடியும் அதிகமாகலாம். பிரசவம் முடிஞ்சு சில மாசத்துல பெரும்பாலும் தானா குறைஞ்சிரும். அதுக்காக அலைய வேண்டாம்.
ஆண்களுக்கு வயித்து முடி இயல்பு. "ஜிம்முக்குப் போறேன் சார், எடுக்கலாமா?"ன்னு கேக்குற தம்பிகளே, தாராளமா எடுங்க. கீழ சொல்லப்போற முறைகள் உங்களுக்கும்தான்.

9/
எது அளவுக்கு மேல? அதுக்கு ஃபெரிமன்-கால்வே அளவுகோல்னு ஒண்ணு இருக்கு. 1961ல வந்தது. இப்ப பயன்படுத்துற வடிவத்துல 9 இடங்களைப் பார்ப்போம். மேலுதடு, தாடை, மார்பு, மேல்வயிறு, அடிவயிறு, மேல்முதுகு, கீழ்முதுகு, மேல்கை, தொடை. ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 4 வரை மதிப்பெண். மொத்தம் 4 முதல் 6, அதுக்கு மேலன்னா காரணம் தேடணும். 9 இடத்துல 2 இடம் வயிறுங்கிறதைக் கவனிங்க.

10/
மதிப்பெண்ணை நாங்க போட்டுக்கிறோம். நீங்க வீட்ல கேட்டுக்க வேண்டியது இதுதான்:
• மாதவிடாய் 35 நாளுக்கு மேல தள்ளிப் போகுதா? வருஷத்துக்கு 8 தடவைக்கும் குறைவா வருதா?
• தாடையிலயும் மேலுதட்டுலயும் கெட்டி முடி வருதா?
• அடங்காத முகப்பரு இருக்கா? உச்சந்தலையில முடி குறையுதா?
• கழுத்து, அக்குள்ல வெல்வெட் துணி மாதிரி கருப்பு படியுதா?
• ஸ்டீராய்டு, வலிப்பு மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?
ஒண்ணு ரெண்டுக்கு "ஆமா"ன்னா டாக்டரைப் பாருங்க. மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க.

11/
இன்னொண்ணு, அரிதானது, ஆனா அவசரமானது. சில மாசத்துக்குள்ள திடீர்னு முடி அடர்த்தியாகுது, குரல் தடிக்குது, மாதவிடாய் நின்னுருச்சுன்னா தள்ளிப் போடாதீங்க. சினைப்பையிலயோ அட்ரினல் சுரப்பியிலயோ கட்டி இருக்கான்னு பார்க்கணும். இப்படி வர்ற முடியை வழிச்சு மறைச்சா, டாக்டருக்குக் கிடைக்க வேண்டிய தடயத்தையே அழிச்ச மாதிரி.

12/
பெரும்பாலும் காரணம் பிசிஓஎஸ்தான். கருத்தரிக்கும் வயசுல இருக்கிற பெண்கள்ல சுமாரா பத்துல ஒருத்தருக்கு இருக்கு. அதுல 70 சதவீதம் பேர் வரைக்கும் தனக்கு அது இருக்குன்னே தெரியாம இருக்காங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. கவனிக்காம விட்டா சர்க்கரை நோய் வரலாம். மாதவிடாய் மாசக்கணக்கா வராம இருந்தா கருப்பையோட உட்சுவர் தடிச்சு, பின்னாடி புற்றுநோய் அபாயமும் கூடும். கண்டுபிடிச்சா இதெல்லாம் சமாளிக்கக் கூடியது.

13/
மாதவிடாய் ஒழுங்கா வந்து, குடும்பத்துலயே எல்லாருக்கும் முடி அதிகம்னா பெரும்பாலும் பயப்பட ஒண்ணுமில்ல. உறுதிப்படுத்திக்க சர்க்கரை, தைராய்டு, ஹார்மோன் பரிசோதனை, தேவைப்பட்டா ஸ்கேன். அரசு மருத்துவமனைக்கு வாங்க. மதுரைக்காரங்க பெரியாஸ்பத்திரியில, அதாவது அரசு ராஜாஜி மருத்துவமனையில, தோல் பிரிவுலயோ மகளிர் பிரிவுலயோ ஓபி சீட்டு போட்டுக் காட்டலாம். பெண் டாக்டர்தான் பார்க்கணும்னா கூச்சப்படாம கேளுங்க.

14/
சரி, இப்ப எடுக்கிற முறைகள். முதல்ல ஒரு பயத்தைப் போக்கிடுறேன். "வழிச்சா அடர்த்தியா வளரும்"ங்கிறது உண்மை இல்ல. வெளியே தெரியுற முடி உயிரில்லாத பொருள். வேர் தோலுக்குள்ள இருக்கு, பிளேடு அதைத் தொடுறதே இல்ல. நுனி மழுங்கலா வெட்டுப்படுறதால கையில சொரசொரன்னு படும், அவ்வளவுதான். அமெரிக்க உடற்கூறியல் ஆய்வாளர் மில்ட்ரெட் டிராட்டர் 1928லயே இதைச் சோதிச்சுச் சொல்லிட்டார்.

15/
வயித்துக்கு என் முதல் ஓட்டு ட்ரிம்மருக்கு. தோலை வெட்டாது, சீழ் பிடிக்கிறது குறைவு. முழு வழவழப்பு கிடைக்காது, ஆனா கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைஞ்சிரும். உங்களுக்குன்னு தனியா ஒண்ணு வச்சுக்கோங்க.

16/
பிளேடுதான்னா குளிச்சு முடி ஊறுன பிறகு, சோப்பு நுரையோ ஜெல்லோ போட்டு, தோலை லேசா இழுத்துப் பிடிச்சு, முடி வளர்ற திசையிலயே இழுங்க. ரேசர் புதுசா, உங்களோடதா மட்டும் இருக்கணும். வீட்ல ஒரே ரேசரை எல்லாரும் பயன்படுத்துறது வேணவே வேணாம். ஹெபடைடிஸ் பி, மரு எல்லாம் அப்படிப் பரவும். அன்னிக்கு ஒருநாள் நாடாவை இறுக்கிக் கட்டாதீங்க. நம்ம ஊர் வெயில், வேர்வை, நாடா உரசல் மூணும் சேர்ந்தா கொப்புளம் நிச்சயம்.

17/
முடி நீக்கும் க்ரீம்: இது முடியோட புரதத்தைக் கரைக்கிற ரசாயனம். தோலும் ஒருவகையில அதே புரதம்தான். அதனால முதல் நாளே ஒரு ஓரத்துல தடவிப் பார்த்து, 24 மணிநேரம் அரிப்பு, எரிச்சல் இல்லைன்னா மட்டும் போடுங்க. டப்பாவுல போட்டிருக்கிற நிமிஷத்தைத் தாண்டாதீங்க. தொப்புளுக்குள்ள விடாதீங்க. பிளேடு போட்ட அன்னிக்கே இதையும் போடாதீங்க.

18/
வேக்ஸிங் சில வாரம் தாங்கும். ஆனா வயித்துத் தோல் மெல்லிசு, வலி அதிகம், சூடு தவறுனா புண்ணாகும். முடி தோலுக்குள்ளயே சுருண்டு வளர்ந்து கட்டி கட்டியா நிக்கலாம். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை சாப்பிடுறவங்க வேக்ஸிங் பக்கமே போகாதீங்க, தோலே உரிஞ்சு வந்துரும். சர்க்கரை கட்டுக்குள்ள இல்லாதவங்களும் தவிர்க்கிறது நல்லது.

19/
லேசர்: "நிரந்தரம்"னு விளம்பரம் வரும். நான் "குறைக்கும்"னுதான் சொல்வேன். ஒரு மாச இடைவெளியில 6 முதல் 8 தடவையாவது போகணும், அப்புறமும் அவ்வப்போது தேவைப்படும். மாநிறம், கருப்புத் தோலுக்கு 1064 நானோமீட்டர் என்டி-யாக் வகை பாதுகாப்பானது. தவறான கருவி, தவறான அளவுன்னா சுட்டுத் தழும்பாகும். தோல் மருத்துவர் இருக்கிற இடத்துல மட்டும் செய்ங்க. கர்ப்பிணிகளுக்கு வேண்டாம். ஹார்மோன் பிரச்சனையைச் சரிபண்ணாம லேசர் எடுத்தா பணம் போகும், முடி திரும்ப வரும்.

20/
கஸ்தூரி மஞ்சள், கோரைக்கிழங்கு, குப்பைமேனி பொடி: நாட்டு மருந்துக் கடையில வாங்கி, குளியல் பொடியா போடுறதுன்னா போடுங்க. ஆனா ஹார்மோனால வளர்ற கெட்டி முடி அதுல நின்னு நான் பார்த்ததில்ல. வரட்டும்னு அழுத்தித் தேய்ச்சுத் தோலைக் கருக்கிக்கிட்டு வந்தவங்களைப் பார்த்திருக்கேன்.

21/
அந்தக் கருப்பைப் போக்க மெடிக்கல்ல "வெள்ளையாக்கும் க்ரீம்" வாங்குறீங்க பாருங்க, அங்கதான் பெரிய ஆபத்து. அதுல பலதுல ஸ்டீராய்டு இருக்கு. தொடர்ந்து போட்டா தோல் மெலிஞ்சு கோடு கோடா வரி விழும். தடவுன இடத்துல முடி கூடவும் செய்யும். முடிக்காக ஆரம்பிச்சு மறுபடி முடியிலயே வந்து நிப்பீங்க.

22/
மருந்து உண்டா? உண்டு. எடை அதிகம்னா குறைக்கிறது, ஹார்மோன் மாத்திரை, ஆண்ட்ரோஜனைத் தடுக்கிற மாத்திரை. இதுல சிலது கர்ப்பத்துல எடுத்தா சிசுவுக்கு ஆகாது. தோழிக்குக் கொடுத்த சீட்டை வச்சு வாங்கிராதீங்க. பலன் தெரிய 6 மாசமாவது ஆகும். அதுவரைக்கும் ட்ரிம்மர் துணைக்கு இருக்கட்டும்.

23/
இதோட சேர்த்து ஒண்ணு. வயித்துல ஆபரேஷன், சிசேரியன்னா முந்தின நாள் வீட்லயே பிளேடால வழிச்சுட்டு வராதீங்க. கண்ணுக்குத் தெரியாத கீறல்ல கிருமி தங்கும். 2016ல உலக சுகாதார நிறுவனம் சொன்னது: முடியை எடுக்காம விடுங்க, கட்டாயம்னா கிளிப்பர் மட்டும், பிளேடு கூடாது. தேவைப்பட்டா நாங்களே எடுத்துக்கிறோம்.

24/
ரெண்டு பக்கமும் எனக்குச் சண்டை இருக்கு. "பொம்பளைக்கு வயித்துல முடியா"ன்னு முகம் சுளிக்கிறவங்க ஒரு பக்கம். "இயற்கையை ஏத்துக்க, எடுக்காத"ன்னு பாடம் எடுக்கிறவங்க இன்னொரு பக்கம். சேலை கட்டுற ஊர் இது, வயிறு தெரியத்தான் செய்யும். கூச்சப்படுற பொண்ணுக்குத் தத்துவம் உதவாது, பரிகாசமும் உதவாது. "மாதவிடாய் எப்படி வருது?"ன்னு கேக்குற ஒரு ஆள்தான் உதவும்.

25/
என் சக டாக்டர்களுக்கும் இதேதான். கூட்டம் எனக்கும் தெரியும். ஆனா அந்தக் கேள்விக்குப் பத்து செகண்டுதான் ஆகும்.
அந்தப் பொண்ணுக்கு இப்ப மாதவிடாய் ஒழுங்கா வருது, சர்க்கரை கட்டுக்குள்ள இருக்கு. வயித்து முடி கொஞ்சம் குறைஞ்சிருக்கு, முழுசா போகல. "ட்ரிம்மர் வாங்கிட்டேன் சார்"னு போனதடவை சிரிச்சுக்கிட்டே சொன்னுச்சு.
உங்க வீட்லயும் கதவைச் சாத்திக்கிட்டு ஒரு பொண்ணு பிளேடைத் தேடிக்கிட்டு இருக்கலாம். திட்டாதீங்க. கேளுங்க, கூட்டிட்டு வாங்க.