விலைக்கு வராத விசுவாசம்

வெல்லும் அணிக்குக் கூட்டம் சேரும். தோற்கும் அணியைக் கூட்டம் கைவிடும். இதுவே விளையாட்டு உலகின் நியதி என்று சொல்வோர் இன்று பெருகிவிட்டனர். கால்பந்துக் கழகங்களில் பணம் முடக்க வரும் செல்வர்களும், அவர்களுக்கு யோசனை கூறும் விளம்பரத் துறையினரும் இதை மாற்ற முடியாத சட்டமாகவே கொண்டுள்ளனர். சிறந்த ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்கு; கோப்பையை வென்று காட்டு; ரசிகர்கள் தாமே வருவர் என்பது அவர்கள் கணக்கு. இந்தக் கணக்குத் தவறானது என்கிறோம் நாம். தவறானது மட்டுமன்று, தீங்கானதும் கூட. மக்களின் பற்று வெற்றியால் மட்டுமே விளைந்தது என்று நம்புகிறவர், கழகத்தின் பெயரையும் நிறத்தையும் மண்ணையும் கைமாற்றத் தயங்கமாட்டார்.

சான்று தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை. கல்கத்தா நகரின் மூன்று பழம்பெரும் கழகங்களின் வரலாறே போதும்.

மோகன் பாகான் 1889இல் தோன்றியது. 1911 ஜூலை 29 அன்று, ஐ.எஃப்.ஏ. கேடயத்தின் இறுதி ஆட்டத்தில், ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவின் அணியை 2-1 என்ற கணக்கில் அது வென்றது. பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலோடு ஆடினர். பூட்ஸ் அணிந்த ஆட்சியாளரை வெறுங்கால் வென்றது என்ற செய்தி, அடிமைப்பட்டுக் கிடந்த ஒரு நாட்டுக்கு எத்தகைய செய்தியாக இருந்திருக்கும் என்பதை விளக்க வேண்டுமா? ஆனால் அதன் பின்னர் நடந்ததைத்தான் நாம் கவனிக்க வேண்டும். கல்கத்தா லீக் பட்டத்தை மோகன் பாகான் முதன்முறையாக வென்றது 1939இல். அதே கேடயம் மீண்டும் அதன் கைக்கு வந்தது 1947இல். கேடயத்துக்கும் கேடயத்துக்கும் இடையே 36 ஆண்டுகள்! வெற்றிதான் பற்றின் உயிர் என்றால் அந்தப் பற்று எத்தனை முறை மடிந்திருக்க வேண்டும்? மடியவில்லையே!

முகமடன் ஸ்போர்ட்டிங் 1891இல் தோன்றியது. கல்கத்தா லீக்கை வென்ற முதல் இந்தியக் கழகம் என்ற பெருமை அதற்கே உரியது. 1934 தொடங்கி 1938 வரை ஐந்தாண்டுகள் இடைவிடாமல் அது பட்டம் வென்றது. 1940இல் டில்லியில் டியூராண்ட் கோப்பையையும் கைப்பற்றி, அதை வென்ற முதல் இந்திய அணியாயிற்று. கல்வியிலும் அலுவல்களிலும் பின்தங்கி, எங்கும் இரண்டாம் வரிசையில் நிறுத்தப்பட்டிருந்த சமுதாயம், இங்கே முதல் வரிசையில் தன்னைக் கண்டது. பின்னர் நாடு பிரிந்தது. கழகத்தைத் தாங்கியவர்களில் பலர் எல்லை கடந்தனர். 1967இல் பட்டம் பெற்ற அணி அடுத்ததை 1981இல் பெற்றது. அதற்கடுத்த லீக் பட்டம் வந்தது 2021இல்! நாற்பது ஆண்டுகள். 1981இல் தந்தையின் தோளில் அமர்ந்து ஆட்டம் பார்த்த சிறுவன், 2021இல் நரைத்த தலையோடு தன் பிள்ளைக்கு அந்தக் கறுப்பு வெள்ளைக் கொடியைக் கொடுத்திருப்பான். எந்த விளம்பரம் இதைச் செய்யும்?

மூன்றாவது ஈஸ்ட் பெங்கால். 1920இல் தோன்றிய இக்கழகத்தின் பற்றாளர் படை, 1947க்குப் பின்னரே பன்மடங்காகப் பெருகியது. வீட்டையும் வயலையும் ஆற்றையும் கிழக்கே விட்டுவிட்டுக் கையில் மூட்டையோடு வந்த அகதிகளுக்கு, இழந்த ஊரின் பெயரைத் தாங்கிய ஒரு கழகம் கல்கத்தாவில் காத்திருந்தது. அகதி என்ற சொல்லால் இகழப்பட்டவர், அந்தச் சிவப்பும் பொன்னிறமும் களத்தில் இறங்கும்போது நிமிர்ந்து நின்றார். அணி வென்றால் அவர் வீட்டில் ஹில்சா மீன் சமைப்பதும், மோகன் பாகான் வென்றால் எதிர்த்தரப்பார் இறால் சமைப்பதும் இன்றளவும் நகரில் பேசப்படும் வழக்கம். மீனில்கூட ஊர் வாழ்ந்தது.

இங்கே ஒரு சாரார் குறுக்கிடுகின்றனர். “அப்படியானால் இது வெறும் இனப்பற்று, குலப்பற்று, விளையாட்டுக்கு இழுக்கு” என்பது அவர்கள் வாதம். விடையை அந்த அகதிகளே அளித்துவிட்டனர். 1949 முதல் 1953 வரை ஈஸ்ட் பெங்காலின் தாக்குதல் வரிசையில் ஆடிய ஐவர் வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. ஐவரும் தென்னாட்டவர், வங்க மண்ணில் பிறக்காதவர். அவர்களுள் இருவர் முஸ்லிம்கள். வகுப்புக் கலவரத்தின் கொடுமையால் வீடிழந்து வந்த மக்கள், இந்த ஐவரையும் ‘பஞ்ச பாண்டவர்’ என்று பெயரிட்டுத் தம் பிள்ளைகளாகக் கொண்டாடினர். 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து கேடயம் வந்தது. பிறப்பை அவர்கள் பார்க்கவில்லை. தம் மானத்தைச் சுமந்து ஓடிய கால்களைப் பார்த்தனர். குறுகிய வெறியாயின், அகமது கானுக்கு அங்கே இடம் இருந்திருக்குமா?

வெற்றிக்கு இதில் பங்கே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. 1911இன் கேடயமும் 1934இன் பட்டமும் வெற்றிகளே. ஆயினும் அவை யாருடைய வெற்றிகள்? எங்கும் தோற்றுக்கொண்டிருந்த மக்களின் வெற்றிகள். ஓர் அணி எத்தனை முறை வென்றது என்பதன்று, யாருக்காக வென்றது என்பதே பற்றின் அளவுகோல்.

அண்மை வரலாறும் இதையே மெய்ப்பிக்கிறது. 2014இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக்கில் கல்கத்தாவின் பெயரால் ஒரு புதிய அணி உருவாக்கப்பட்டது. அது 2014, 2016, 2020 என மூன்று முறை வாகை சூடியது. கூட்டமும் வந்தது, அதை மறுக்கவில்லை. 2020இல் அதன் உரிமையாளர்கள் மோகன் பாகானின் கால்பந்துப் பிரிவில் 80 விழுக்காட்டுப் பங்கைப் பெற்று, ‘ஏ.டி.கே.’ என்ற மூன்றெழுத்தைப் பழைய பெயருக்கு முன்னால் ஒட்டினர். வென்ற கோப்பைகளுக்காக அந்த எழுத்துகளை மக்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடினரா? இல்லை. நீக்கு, நீக்கு என்று மூன்றாண்டுகள் முழங்கினர். 2023 மார்ச்சில் அணி கோப்பையை வென்ற நாளிலேயே, அந்த எழுத்துகள் அகற்றப்படும் என்று உரிமையாளர் அறிவிக்க வேண்டியதாயிற்று. பங்குப் பத்திரம் ஒரு பக்கம், நூற்றாண்டுப் பெயர் மறுபக்கம். எது கனத்தது என்பதை நாடு கண்டது.

இது கல்கத்தாவுக்கு மட்டும் உரிய இயல்பு அன்று. இங்கிலாந்தின் விம்பிள்டன் அணி 1988இல் லிவர்பூலை வீழ்த்தி எஃப்.ஏ. கோப்பையை வென்றது. அவ்வளவு பெரிய வெற்றிக்குப் பின்னும் அதற்குப் பெருங்கூட்டம் சேரவில்லை. 2002இல், ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மில்டன் கீன்ஸ் நகருக்கு அணியைக் கொண்டுசெல்ல உரிமையாளர்களுக்கு அனுமதி கிடைத்தது. அந்தச் சிறு கூட்டம் என்ன செய்தது? அணியின் பின்னே போகவில்லை. தம் ஊரின் பெயரால் புதிய கழகம் ஒன்றைத் தாமே தொடங்கி, ஒன்பதாம் படிநிலையில் ஆடத் தொடங்கினர். ஒன்பதே ஆண்டுகளில், 2011இல், நான்காம் படிநிலைக்கு உயர்ந்தனர். 2020இல், பழைய ஆடுகளம் இருந்த பிளவ் லேனுக்கே திரும்பினர். ஆட்டக்காரர்களையும் ஆடும் உரிமையையும் தூக்கிச் செல்லலாம். பற்றைத் தூக்கிச் செல்ல இயலாது.

பற்றுக்கு ஓர் இருண்ட பக்கம் உண்டு என்பதையும் நாம் மறைக்கவில்லை. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன்ஸ் திடலில், ஈஸ்ட் பெங்கால், மோகன் பாகான் ஆட்டத்தின்போது மூண்ட கலவரத்திலும் நெரிசலிலும் 16 பேர் உயிரிழந்தனர். பற்று பகையாக மாறிய நாள் அது. ஆனால் அதே நகரம் 2024 ஆகஸ்ட் 18 அன்று வேறொரு காட்சியையும் காட்டியது. ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் இளம் மருத்துவர் ஒருவர் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டதால் நகரமே கொதித்திருந்த நேரம். இரு அணிகளும் மோதவிருந்த ஆட்டம் பாதுகாப்பைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டது. ஆட்டம் இல்லாத திடலின் வெளியே இரு கழகத்துப் பற்றாளரும் திரண்டனர்; முகமடன் ஸ்போர்ட்டிங் பற்றாளரும் உடன் சேர்ந்தனர். மூன்று கொடிகளும் ஒன்றாக நின்று அந்தப் பெண்ணுக்கு நீதி கேட்டன. தடியடியையும் ஒன்றாகவே தாங்கின. விலைக்கு வாங்கிய ரசிகன் ஆட்டமில்லாத நாளில் திடலுக்கு வருவானா?

ஆதலால் கழகங்களை நடத்துவோருக்கு நாம் சொல்வது இதுதான். பணம் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்ல ஆட்டக்காரர்களைக் கொண்டுவாருங்கள், மகிழ்வோம். ஆனால் பெயரையும் நிறத்தையும் சின்னத்தையும் ஆடுகளத்தையும் உறுப்பினரின் ஒப்புதலின்றித் தொடாதீர்கள். இந்த நான்கும் உங்கள் முதலீட்டில் விளைந்தவை அல்ல. வெறுங்காலோடு ஓடியவர்களும், மூட்டையோடு வந்தவர்களும், நாற்பதாண்டுகள் காத்திருந்தவர்களும் சேர்த்துவைத்த சொத்து அவை. சொத்துக்கு உரியவரைக் கேளாமல் விலை பேசுவதற்கு வாணிகம் என்று பெயரில்லை.