நட்சத்திர மோகம்: மகளுக்கு அடி, தகப்பனுக்கு மன்றமா?

சென்ற மாதம் ஒரு நாள் மாலை ஒரு நண்பர் வீட்டிற்குப் போயிருந்தோம். வாசற்படி ஏறும்போதே உள்ளே ஒரே கூச்சல். விசாரித்ததில், நண்பருடைய பெண், பன்னிரண்டு வயதுச் சிறுமி, தன் ஜாமெட்ரிப் பெட்டியின் மூடிக்குள் ஒரு சினிமா நடிகரின் படத்தை ஒட்டி வைத்திருந்தாளாம். தகப்பனார் அதைக் கண்டுபிடித்து, படத்தைச் சுரண்டி எறிந்து, பெண்ணையும் கன்னத்தில் அறைந்துவிட்டார். "பொம்பளைப் பிள்ளைக்கு எவன் படமோ எதுக்குங்க? இது நாளைக்கு எங்கே போய் நிற்கும்?" என்று நம்மைப் பார்த்துக் கையை ஓங்கி நியாயம் கேட்டார். ஓங்கிய அந்த முன்கையிலே, அவர் பதினாறாம் வயதில் குத்திக்கொண்ட பச்சை இருந்தது. அது அவர் தாயார் பேரல்ல, தகப்பனார் பேரல்ல, பெண்சாதி பேருமல்ல. ஒரு சினிமா நட்சத்திரத்தின் பேர்!

நாம் அந்தப் பச்சையைக் காட்டி, "இது எங்கே வந்து நின்றிருக்கிறது?" என்று கேட்டோம். நண்பர் சட்டைக் கையை இறக்கி விட்டுக்கொண்டார். பதில் வரவில்லை. ஒரு வீட்டுக் கூடத்தில் பதில் வராத அந்தக் கேள்வியைத்தான் இன்று ஊரறியக் கேட்கின்றோம்.

முதலாவது, சிறு பிள்ளைகள் திரையில் கண்ட முகத்தின்மீது ஆசை கொள்ளுவது குற்றமென்று நாம் சொல்ல வரவில்லை. அது மனுஷ சுபாவம். இருட்டுக் கொட்டகையில் இருபதடி உயரத்தில் ஒரு முகம் தன்னையே பார்த்துச் சிரிப்பதுபோல் தோன்றினால், பத்து வயதுப் பிள்ளையின் மனம் இளகத்தான் செய்யும். 1956-ஆம் வருஷத்திலேயே அமெரிக்காவில் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு அறிஞர்கள் இந்த ஒருதலைப் பழக்கத்தை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். பார்க்கிறவனுக்கு நடிகன் நெருங்கிய சிநேகிதன் போல் ஆகிவிடுகிறான். நடிகனுக்கோ இவன் இருப்பதே தெரியாது என்பதுதான் அதன் சாரம். இது தமிழனுக்கு மட்டும் வந்த வியாதியுமல்ல. 1926-இல் ருடால்ஃப் வாலண்டினோ என்ற நடிகர் இறந்தபோது, நியூயார்க் நகரத் தெருக்கள் ஜனங்கள் திரண்டு கலவரப்பட்டன. நம் தாத்தாமார்கள் பாகவதர் கிராப்பு வைத்துக்கொண்டு திரிந்ததும் இதே கதைதான்.

ஆகையால் ஆசை வருவதைப்பற்றி நமக்கு வழக்கில்லை. வந்த ஆசையை யாரும் விசாரிக்காமல் விடுவதைப்பற்றித்தான் வழக்கு. பெண் பிள்ளையானால் அடித்து வாயை மூடுகிறார்கள். ஆண் பிள்ளையானால் கைதட்டி வளர்க்கிறார்கள். இரண்டிலும் அறிவு வேலை செய்வதற்கு இடமேயில்லை. கேள்வி கேட்கப்படாத ஆசை பிள்ளைப் பருவத்தோடு போய்விடுவதில்லை. அது மூடி வைத்த பானையிலே புளிக்கிறது. பிள்ளைக்கு முப்பது வயதான பிறகு, பெண் பார்க்கும்போதும், பெண்ணோடு பழகும்போதும், ஓட்டுப் போடும்போதும் அது வெளியே வருகிறது.

பெண் பார்ப்பதையே எடுத்துக்கொள்ளுவோம். தமிழ் நாட்டில் கறுப்பும் மாநிறமும்தான் பெரும்பான்மையான உடல் நிறம். ஆனால் நம் சினிமாக் கதாநாயகியோ சிவந்த நிறமாக இருந்தே தீரவேண்டுமாம்! அதற்காக எந்தத் தேசத்திலிருந்தும் ஆள் கொண்டுவருவார்கள். தமிழே தெரியாதவளாயிருந்தாலும் கவலையில்லை, குரலை வேறொருத்தி கொடுத்துவிடுவாள். இதைப் பத்து வயது முதல் பார்த்து வளர்ந்தவன் மணமகள் தேவையென்று விளம்பரம் கொடுக்கும்போது, "சிவந்த நிறம்" என்று தன் கையாலேயே எழுதுகிறான். எழுதுகிறவனை விடப் பரிதாபம் அதைப் படிக்கும் பெண்ணின் நிலைமை. தன் தாயின் நிறத்தையே தன் குறையென்று அவள் எண்ணுகிறாள். இந்தக் குறையை விற்றுக் காசாக்குவதற்கென்றே 1975-இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற களிம்பு கடைக்கு வந்தது. நாற்பத்தைந்து வருஷம் அந்தப் பேரிலேயே விற்றுவிட்டு, உலகம் கேள்வி கேட்ட பிறகு, 2020-இல் 'க்ளோ அண்ட் லவ்லி' என்று பேரை மாற்றிக்கொண்டது. டப்பாவின் பேர் மாறிற்று; மாப்பிள்ளை வீட்டாரின் நாக்கு மாறிற்றா?

இனி, பழகுவது. நம் படங்களில் கதாநாயகன் ஒரு பெண்ணைத் தெருத்தெருவாகப் பின்தொடருகிறான். அவள் வேண்டாமென்கிறாள். அவன் விடுகிறானில்லை, நண்பர்களைக் கூட்டிக்கொண்டு கேலிப் பாட்டுப் பாடுகிறான், கடைசியில் அவள் இணங்கிவிடுகிறாள். கொட்டகையில் விசில் பறக்கிறது. விசிலடித்தவனில் பாதிப்பேர் அரைக்கால் சட்டைப் பையன்கள். பெண் 'வேண்டாம்' என்று சொன்னால் அதற்கு 'இன்னும் கொஞ்சம் துரத்து' என்று அர்த்தமென்பதை அவன் அங்கே படித்துக்கொள்ளுகிறான். இந்தத் துரத்தலைத்தான் 2013-இல் தண்டனைச் சட்டத்தில் ஒரு குற்றமாகச் சேர்க்கவேண்டி வந்தது. திரையில் வீரம், சட்டத்தில் குற்றம்! நடுவிலே நிற்கும் பையனுக்கு இந்த வித்தியாசத்தை எடுத்துச் சொன்ன தகப்பன் எத்தனை பேர்?

பிறகு ஓட்டு. 1967 ஜனவரியில் எம்.ஜி.ஆர். சுடப்பட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். பிரசாரத்துக்கே போகவில்லை. கழுத்துக் கட்டோடு அவருடைய படம் சுவர்களில் ஒட்டப்பட்டது. பரங்கிமலைத் தொகுதியில் ஜெயித்தார். 1977 முதல் 1987-இல் இறக்கும் வரை, இடையில் சில மாதம் நீங்கலாக, அவரே முதன் மந்திரி. அவருடைய ஆட்சி நல்லதா கெட்டதா என்பது வேறு விவகாரம். 1982-இல் அவர் விரிவாக்கிய சத்துணவுத் திட்டத்தைப் பார்த்து ஓட்டுப் போட்டேன் என்று ஒருவன் சொன்னால், அவன் காரணம் சொல்லுகிறவன், அவனை மதிக்கின்றோம். "சின்ன வயசிலிருந்தே எனக்கு அவரைப் பிடிக்குமுங்க" என்று ஒருவன் சொன்னால், அங்கே ஓட்டுப் போட்டது முப்பது வயது மனிதனல்ல, பத்து வயதுப் பையன். பத்து வயதுப் பையனுக்கு ஓட்டுரிமை எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

நிற்க, இந்த மோகத்தில் பெண்ணுக்கு ஒரு நீதி, ஆணுக்கு ஒரு நீதி என்றோமே, அதை நட்சத்திரங்களின் விஷயத்திலேயே பார்க்கலாம். நடிகை குஷ்புவுக்குத் திருச்சியில் கோயில் கட்டினார்கள். மனுஷிக்குக் கோயில் என்று உலகமே சிரித்தது. அதே குஷ்பு 2005-இல், மணத்திற்கு முந்திய உறவைப்பற்றியும், பெண்கள் தங்களைக் காத்துக்கொள்ள வேண்டியதைப்பற்றியும் ஒரு பத்திரிகையில் தன் அபிப்பிராயத்தைச் சொன்னார். உடனே துடைப்பமும் செருப்பும் கிளம்பின. ஊர் ஊராகக் கோர்ட்டில் வழக்குகள் போட்டார்கள். 2010-இல் சுப்ரீம் கோர்ட்டு அவற்றைத் தள்ளுபடி செய்ய வேண்டியிருந்தது. இதற்கென்ன அர்த்தம்? பொம்மையாக நின்றால் கற்பூரம். வாய் திறந்தால் செருப்பு! ஜாமெட்ரிப் பெட்டிக்காரச் சிறுமிக்கு விழுந்த அறையும் இந்தச் செருப்பும் ஒரே கடைச் சரக்குதான். பெண் ஆசைப்படுவதும் கூடாது, அபிப்பிராயம் சொல்லுவதும் கூடாது. ஆசைப்படப்படும் பண்டமாக மாத்திரம் இருக்கவேண்டும். ஆணோ நாற்பத்தைந்து வயதில் கட்டவுட்டின் தலையில் பால் ஊற்றலாம். வீட்டுக் குழந்தைக்குப் பால் இருக்கிறதா என்று யாரும் கேட்கக்கூடாது!

"அப்படியானால் சினிமாவே வேண்டாமென்கிறீர்களா? பிள்ளைகளை வீட்டில் பூட்டி வைப்பதா?" என்று சிலர் கேட்கலாம். அப்படி நாம் சொல்லவில்லை. பூட்டி வைப்பதும் அடிப்பதும் ஆசையை வளர்க்கிற உரம். பிள்ளை ஒரு பொம்மையைப் பிரித்துப் பார்க்க ஆசைப்படுகிறதல்லவா? அதுபோல அந்த நட்சத்திரத்தையும் அதன் கையில் கொடுத்துப் பிரித்துப் பார்க்கச் செய்யுங்கள் என்கின்றோம். "அம்மா, இந்தப் பாட்டை உன் நடிகரா பாடினார்? இந்த வசனத்தை அவரா எழுதினார்? மாடியிலிருந்து குதித்தது அவரா, கூலிக்குக் குதித்த வேறொருவரா?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

இதற்கு ஓர் உதாரணம் சொல்லுகின்றோம். 1954-இல் 'மலைக்கள்ளன்' படத்தில் எம்.ஜி.ஆருக்குப் பின்னணி பாடியவர் டி.எம்.சௌந்தரராஜன். அதே வருஷத்தில் 'தூக்குத்தூக்கி' படத்தில் சிவாஜி கணேசனுக்குப் பாடியவரும் அவரே. அதன் பிறகு வெகுகாலம் இருவருக்கும் பாட்டுக் குரல் பெரும்பாலும் அந்த ஒரு தொண்டைதான். ஆனால் ஊரிலே என்ன நடந்தது? இவர் கட்சிப் பையனும் அவர் கட்சிப் பையனும் கொட்டகை வாசலில் சட்டையைக் கிழித்துக்கொண்டார்கள். எந்தப் பாட்டைக் கேட்டு உருகினார்களோ அந்தப் பாட்டை இருவருக்கும் பாடினவர் ஒருவரே என்பதை அந்தச் சட்டை கிழிந்த இடத்தில் நின்று யோசித்தவர் யார்? யோசித்திருந்தால் பாட்டை ரசித்திருக்கலாம், சட்டையும் மிஞ்சியிருக்கும். கல்லைச் செதுக்கினவன் சிற்பி என்று தெரிந்தபின் சிலையை ரசிக்கலாம், பயந்து விழவேண்டியதில்லை. நட்சத்திரமும் அப்படியே. பலபேர் உழைப்பைச் சேர்த்துக் கட்டின உருவம் அது.

நண்பர் வீட்டு விஷயத்துக்கு வருவோம். அன்று நாம் புறப்படும்போது அந்தச் சிறுமி வாசல்வரை வந்தாள். "மாமா, அப்பா கையில் இருக்கிறதை மட்டும் யாரும் சுரண்ட மாட்டேங்கிறீங்களே?" என்றாள். பன்னிரண்டு வயதில் இந்தக் கேள்வி கேட்கிற பெண் ஒரு படத்தினால் கெட்டுப்போக மாட்டாள். அறையினால் கெட்டுப்போகலாம், கேள்வியை விழுங்கக் கற்றுக்கொள்ளுவாளானால் நிச்சயம் கெட்டுப்போவாள்.

ஆகையால் பெற்றோர்களே! பிள்ளையின் பெட்டியைத் திறக்குமுன் உங்கள் சட்டைக் கையைச் சுருட்டிப் பாருங்கள். தோலில் பச்சை இல்லாவிட்டாலும் புத்தியில் இருக்கும். நீங்கள் தேடின பெண்ணின் நிறமும், நீங்கள் போட்ட ஓட்டும், நீங்கள் ஊற்றின பாலும் எந்த வயதில் எந்தக் கொட்டகையில் தீர்மானமானவை என்று யோசியுங்கள். அதை யோசித்துப் பார்த்த தகப்பன், மகளை அடிக்கமாட்டான். அவளோடு உட்கார்ந்து படம் பார்ப்பான். படம் முடிந்ததும் கேள்வி கேட்பான். அவள் திருப்பிக் கேட்டால் வெட்கப்படாமல் பதிலும் சொல்லுவான்.